விறகு பிளந்த நோயாளி

மனைவிக்கு ஆபரேஷன் என்று ஊர் பேச ஆரம்பித்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. புருஷன் லாக்லன் சோபாவில் காலை அகட்டிப் படுத்துக்கொண்டு டிவியில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவி மெரியானா கொல்லைப்புறத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

பூசணி சூப் பாத்திரத்தோடு வந்த நோலீன் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். நோலீன், ரக்பி கிளப் கோச் டூகலின் மனைவி. ஜூலையில் குளிர்காலம் வரும் சௌத்லாண்டின் அந்தச் சின்ன ஊரில் யார் வீட்டில் யார் படுத்தாலும் முதலில் போய் நிற்பவர்.

"மெரியானா, கோடாலியைக் கீழ போடு."

"இல்லை ஆன்ட்டி, ஜூலைக் குளிர்... விறகு தீர்ந்துபோச்சு..."

"நேத்துதான் வயித்தைத் திறந்து குழாயை முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்காங்க. உனக்கென்ன பைத்தியமா? போய்ப் படு."

மெரியானாவைத் தரதரவென்று இழுத்துப் போய்ப் படுக்கவைத்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்தினார். அதே வேகத்தில் சோபாவுக்கு முன்னால் வந்து டிவியை அணைத்தார்.

"ஏண்டா லாக்லன், நீயெல்லாம் மனுஷனா?"

லாக்லனுக்கு நூற்றுப்பத்து கிலோ உடம்பு. கிளப்பில் முன்வரிசை ஆட்டக்காரன். எதிரணியில் எட்டுப் பேர் சேர்ந்து முட்டினாலும் அசையாதவன். இப்போது நோலீனின் கண்ணைப் பார்க்கப் பயந்து கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்ன சொல்ல முடியும்? ஆபரேஷன் ஆனது அவனுக்கு.

மூன்றாவது பிரசவத்தில் மெரியானா பிழைத்ததே பெரிய காரியம். நாலாவது கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து வருஷமாகக் கருத்தடை மாத்திரை, ஊசி, அதனால் வந்த தலைவலி எல்லாம் அவளுக்குத்தான். "இனிமே என் முறை" என்று லாக்லனே கிளம்பிவிட்டான். ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன், இருபது நிமிஷ வேலை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான். கிளப்பில் யாருக்கும் தெரியக் கூடாது.

"அப்ப எனக்குன்னு சொல்லிடறேன்" என்றாள் மெரியானா. "பொம்பளைக்குன்னா யாரும் ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டாங்க." பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது வாசலில் நாலு பேரிடம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

"என்னடா முழிக்கறே? எழுந்திரி. போய் விறகைக் கொண்டு வா."

லாக்லன் எழுந்தான். முகம் கோணியது. ஒவ்வொரு அடியாக, வாத்து மாதிரி நடந்தான்.

"பட்டப்பகல்லயே குடிச்சிருக்கியா?"

"முட்டி வலி ஆன்ட்டி. அவனை விட்டுடுங்க." படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"நீ பேசாம தூங்கு."

இதற்குள் கோச் டூகல் காரிலிருந்து சீஸ் ரோல் தட்டை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாலு விறகுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறி நின்ற லாக்லனைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"திட்டு பலமோ? விடு. உன் நல்ல நேரம், நீ அந்தக் கத்திக்குப் போய்ப் படுக்கலை. இப்பல்லாம் ஆம்பளைங்களே போய் வெட்டிக்கிட்டு வர்றாங்களாம், காயடிக்க ரப்பர் வளையம் மாட்டின ஆட்டுக்குட்டி கணக்கா. அப்புறம் அவனுங்க எங்கேர்ந்து முட்டறது? சரி, நாளைக்கு ஆட்டத்துக்கு வர்றேல்ல?"

"ஆட்டம் ஒரு கேடா?" நோலீன் குறுக்கே புகுந்தார். "உள்ள ஒருத்தி வலியோட கெடக்கறா. சுமந்ததும் அவ, பெத்ததும் அவ, மாத்திரை முழுங்கினதும் அவ. கடைசியில கத்திக்குப் படுத்ததும் அவ. நீ என்னடா பண்ணினே?"

லாக்லன் படுக்கையறைப் பக்கம் பார்த்தான். திறந்திருந்த கதவு வழியாக மெரியானா, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நாலில் மூன்று உண்மை. நாலாவது மட்டும்தான் பொய். அந்தப் பொய்யையும் அவள்தான் சுமந்துகொண்டு படுத்திருக்கிறாள்.

விறகைக் கீழே வைத்தான்.

"கத்திக்குப் படுத்தது நான்."

"என்னது?"

"நேத்து எனக்குத்தான் ஆபரேஷன். அவளுக்கு ஒண்ணும் ஆகலை. கிளப்புல சிரிப்பாங்கன்னு பயந்து அவளைப் படுக்க வெச்சுட்டேன்." கோச் பக்கம் திரும்பினான். "நாளைக்கு ஆட முடியாது கோச். ஒரு வாரம் ஆகும். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுக்குங்க."

மெரியானா கம்பளியை உதறிவிட்டு எழுந்து வந்தாள். கீழே கிடந்த விறகைத் தானே பொறுக்கினாள்.

"கனமா எதையும் தூக்காதேன்னு டாக்டர் சொன்னாரில்ல?" என்றாள்.

டூகல் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வெறும் மேய்ச்சல் நிலத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

நோலீன் புருஷன் பக்கத்தில் போய் நின்றார். டூகல் திரும்பவே இல்லை.

"பதினெட்டு வருஷமா எனக்குத்தான் ஆபரேஷன் ஆச்சுன்னு ஊரே நம்பிக்கிட்டிருக்கு" என்றார் நோலீன். "நாமளும் சொல்லிடலாமா, டூகல்?"