இன்னும் கொஞ்சம் வெளிச்சம்

சென்னையில் சீரியல் ஒளிப்பதிவாளராக இருந்த இந்துஜாவுக்கு, ஒவ்வொரு எபிசோடு முடிந்ததும் எட்டயபுரத்திலிருந்து அம்மாவின் போன் வந்துவிடும்.

“ஏட்டி, இன்னைக்கும் ஒரே இருட்டு. ஒரு மூஞ்சியும் தெரிய மாட்டேங்கு.”

சீரியல் பார்ப்பதே அம்மா மாதிரி ஆட்கள்தானே என்று இந்துஜா ஒரு லைட்டைக் கூட்டினாள். “பத்தலட்டி” என்றாள் அம்மா சுந்தரம்மாள். இன்னொன்றைக் கூட்டினாள். அதுவும் பத்தவில்லை.

“எழவு வீட்டுச் சீனுக்கு எதுக்கு இவ்வளவு லைட்டு? கல்யாண வீடியோவா எடுக்கிறே?” என்று கத்திய டைரக்டர், மறுவாரமே வேறு கேமராமேனைக் கூட்டி வந்துவிட்டார்.

ஒரு வருடமாக ஊர்ப்பக்கம் வராதவள், வேலை போன கையோடு வந்து பையைக்கூட இறக்காமல் பொரிந்து தள்ளினாள். “உன் பேச்சைக் கேட்டுத்தாம்மா எல்லாம் போச்சு!”

“எம்மேல ஏன் எரிஞ்சு விழுத?” என்றபடி சுந்தரம்மாள் காப்பியோடு வந்தாள். டிவியில் அதே சீரியல், புது ஆள் எடுத்தது. கரிசக்காட்டு உச்சிவெயிலில் கதாநாயகி நடந்துகொண்டிருந்தாள்.

“பாத்தியா, இவனும் இருட்டாத்தான் எடுக்கான். இந்தா, காப்பி.”

அம்மா நீட்டிய தம்ளர் இந்துஜாவின் கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அம்மாவின் இரண்டு கண்மணியிலும் வெள்ளை படர்ந்திருந்தது.