சிறப்பு விருந்தினரின் சண்டை

அல்லிநகரம் கல்யாண மண்டபத்தில், வீடியோ கேம் சண்டைப் போட்டியைத் தொடங்கிவைக்க வந்த கட்சிக்காரர், கழுத்து மாலையோடு குனிந்து கண்ட்ரோலரைக் குத்துகிறார். எதிரே போன வருடச் சாம்பியன் ஷெரின். "அண்ணன ஜெயிக்க விட்டுரும்மா," என்று போட்டி நடத்தும் தங்கபாண்டி அவள் காதில் கெஞ்சுகிறான். அவளோ கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு அவித்த கடலை உரிக்கிறாள். திரையில் அவளுடைய வீராங்கனை சும்மாதான் நிற்கிறாள். அவருடைய தடியன் ஒரு எட்டு முன்னே வைக்கத் தெரியாமல், நின்ற இடத்திலேயே காற்றைக் குத்திக் குத்தி உறுமுகிறான். மாலையின் சம்பங்கி இதழ்கள் பட்டன்மேல் உதிர்கின்றன. ஒவ்வொரு வெற்றுக் குத்துக்கும் மண்டபமே கைதட்டுகிறது. அவள்மேல் ஒரு அடிகூட விழாமல் நேரம் முடிகிறது. "அண்ணன் ஜெயிச்சுட்டாக!" என்று மைக்கில் அலறிவிட்டு, தங்கபாண்டி பொன்னாடையை விரிக்கிறான். "இன்னொரு ரவுண்டு வேணும்னாலும் ஆடச் சொல்லுங்கண்ணே," என்று தங்கபாண்டியிடம் சொல்கிறாள் ஷெரின். "கடல இன்னும் கெடக்கு."