லட்சம் காலிப் பைகள்

“எல்லாப் பையும் காலிண்ணா. எதுக்குச் சுமக்கணும்?” என்றாள் அவள்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. அதுல கை வைக்காத” என்றார் டீம் லீடர், திரையிலிருந்து முகத்தை எடுக்காமலே.

அடுத்த பஸ் எப்போது வரும் என்று நிறுத்தங்களில் காட்டும் மின்பலகைகளுக்கு அவர்கள்தான் புரோகிராம் எழுதியவர்கள். சாயங்கால நெரிசலில் மெமரி நிரம்பிப் பலகைகள் அணைந்துவிடும். காத்திருப்பவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். இன்றும் அணைந்தால் வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று பஸ் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. பெரிய மெஷின் கேட்டாலோ முதலாளிக்குக் காது கேட்பதில்லை.

கோளாறை அவள் கண்டுபிடித்துவிட்டாள். பஸ் எண், நிறுத்தம், நேரம் என்று மூன்றே விவரம் கொண்ட குட்டிப் பதிவுகள், டியூப்பிள் என்பார்கள். பின்னால் ஏதாவது சேர்க்க வேண்டியிருக்குமோ என்று, அந்தக் கணினி மொழி ஒவ்வொரு பதிவோடும் ஒரு காலிப் பையைக் கட்டிவிடும். உள்ளே இருக்கும் சரக்கைவிடப் பை பெரிது. இப்படி லட்சக்கணக்கில். ‘பை வேண்டாம்’ என்று ஒரே ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

அந்த ஒரு வரிக்குத்தான் லீடர் ஒரு வாரமாக முரண்டு பிடித்தார். தான் எழுதியதை இன்னொருத்தி திருத்துவதா என்ற வீம்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவள் வரியைச் சேர்த்தாள். மெமரி பாதிக்கும் கீழே இறங்கியது. கைதட்டல் அடங்குவதற்குள் புரோகிராம் நின்றுபோனது.

பதறிப்போய்த் தேடினாள். அத்தனை பஸ்களில் ஒரே ஒரு பஸ்ஸின் பையில் மட்டும் ஒரு குறிப்பு போடச் சொல்லியிருந்தது: இந்த பஸ் நெருங்கும்போது டீம் லீடரின் போனில் மணி அடிக்க வேண்டும். பை இல்லாமல் குறிப்பைப் போட இடமின்றித்தான் புரோகிராம் நின்றிருக்கிறது. அந்தக் குறிப்பை நீக்கியதும் சமர்த்தாக ஓடியது. சாயங்காலம் முழுக்க ஒரு பலகைகூட அணையவில்லை. வேலை பிழைத்தது.

ஆளாளுக்குச் சந்தோஷத்தில் மிதக்க, லீடர் மட்டும் போனையே பார்த்துக்கொண்டு இஞ்சி தின்ற குரங்காக உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. பக்கத்தில் போய்க் கேட்டாள்.

“அந்த பஸ்ல அப்படி என்னண்ணா விசேஷம்?”

அவர் காது சிவந்துவிட்டது.

“நம்ம ஆபீஸ் வாசல்ல அரை நிமிஷம்தான் நிக்கும்மா. ஓட்டுறது என் வீட்டுக்காரி.”