அந்த ரெண்டு சதவீதம்

கதவில் காதை வைத்திருந்தாள்.

தாழ்ப்பாள் வெளியே இருந்தது. தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து அப்பா கழற்றிக்கொண்டுவந்து, தன் கையாலேயே ஸ்குரூ முடுக்கியது. துருப்பிடித்த பழைய இரும்பு. தொட்டால் போதும், கிறீச்சென்று வீடு முழுக்கக் கேட்கும்.

அதற்காகவே அவர் எண்ணெய் விடவில்லை.

காலையில் அம்மா இட்லித் தட்டோடு வந்தாள்.

கிறீச்.

மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில போயி எடுத்துட்டு வந்துருவோம். டாக்டரம்மாட்ட அப்பா பேசிட்டாக."

கிறீச்.

எடுத்துட்டு வர்றதாம். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டா அது?

அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில்தான் இன்பராஜும் இருந்தான். அவன் பிசிக்ஸ், அவள் பயாலஜி. அவனைப் பற்றி வீட்டில் சொன்ன அன்று அப்பா பேரைக்கூடக் கேட்கவில்லை.

"என்ன ஆளுக?"

அது ஒன்றுதான் கேட்டார். சொன்னாள். மறுநாளே தாழ்ப்பாள் வந்துவிட்டது. போன் போய்விட்டது. அதன்பிறகு வந்த வாந்தி மிச்சத்தையும் காட்டிக்கொடுத்தது.

இப்போது வெளியே கூடத்தில் பேச்சு கேட்கிறது. அண்ணன் மதிவாணன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான்.

சாதிச் சங்கத்துக்கு இது பொன்விழா வருடம். அப்பா செயலாளர். நம் ரத்தத்தில் கலப்பே கிடையாது என்று விழா மலரில் ஆதாரத்தோடு அச்சடிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போனமுறை வந்தபோது அண்ணன் ஒரு குழாயை நீட்ட, அப்பா ஆசை ஆசையாக அதில் எச்சிலைத் துப்பிக்கொடுத்தார். மரபணுப் பரிசோதனையாம்.

முடிவு இன்றைக்கு அண்ணன் போனில் வந்துவிட்டது.

"எல்லாம் சரியாத்தான்ப்பா இருக்கு. ஆனா ரெண்டு சதவீதம் நியாண்டர்தால்னு போட்டிருக்கு."



"அவுக என்ன ஆளுக?"

அதே குரல். அதே கேள்வி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாழாய்ப்போன சிரிப்பு, இந்த நேரத்திலா வரும்? வந்தது. கண்ணீரோடு வந்தது.

"நம்ம நெனைக்கிற மாதிரி ஆளுக இல்லப்பா. வேற மனுச இனம். குளிரு தேசத்துல இருந்தவுக. அழிஞ்சே போயிட்டாக. அதுக்கு முன்னாடி நம்ம முன்னோரோட கலந்திருக்காக."

"கலந்தா?"

நாற்காலி நகர்ந்தது. அப்பா நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"அந்த ரெண்டை மட்டும் எடுத்துர முடியாதாடா?"

"எடுக்க வராதுப்பா. உடம்பு பூராம் பரவிக் கெடக்கு. உங்களுக்கும்தான், எனக்கும்தான்."

டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. காபி கொண்டுவந்த அம்மாவாக இருக்கும்.

"பாத்து வரக் கூடாதா? புத்தி எங்க இருக்கு?"

அம்மா தரையைத் துடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நெடுநேரம் துடைத்தாள்.

அவள் கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தாள்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். தடித்த புருவ எலும்பு, அகன்ற மூக்கு. போர்டில் படம்கூடப் போட்டிருக்கிறாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள்.

எவளோ ஒருத்தி தன் கூட்டத்துக்கு வெளியே ஒருத்தனோடு சேர்ந்திருக்கிறாள்.

வயிறு தெரிந்திருக்கும். எல்லோரும் சுற்றி நின்று பார்த்திருப்பார்கள். பிறந்த பிள்ளையின் நெற்றியைப் பார்த்ததுமே யாருடையது என்று புரிந்திருக்கும்.

ஆனாலும் யாரோ அதைக் கையில் வாங்கியிருக்கிறார்கள். பசியாற்றி, குளிருக்குத் தோலைப் போர்த்தி, ஆளாக்கியிருக்கிறார்கள்.

வாங்காமல் விட்டிருந்தால் இந்த அப்பா ஏது? இந்தச் சங்கம் ஏது?

"எத்தன வருசம் இருக்கும்டா?"

"அம்பதாயிரம் இருக்கும்ப்பா."

அப்பா பெருமூச்சு விட்டார். நிம்மதியான பெருமூச்சு.

"அட, அம்புட்டு வருசம் ஆச்சா? அப்ப அவுகளும் நம்ம ஆளுகதான். மலர்ல மட்டும் அதப் போட்டுறாத."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஐம்பதாயிரம் வருடம் ஆனால் நம் ஆளாகிவிடலாம்.

அவள் வயிற்றில் கை வைத்தாள். இதற்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பயமாக இருந்தது. எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. தெருவில் ஒரு காய்கறி வண்டி போனது. கத்தலாம். கத்தினால் வாயையும் கட்டுவார்கள்.

மத்தியானம் ஆயிற்று. கறிக்குழம்பு மணத்தது. இலையை மடக்கும் சத்தம், கை கழுவும் சத்தம். அண்ணனின் பைக் கிளம்பிப் போனது. அப்பாவின் குறட்டை ஆரம்பித்தது.

அவளுக்குத் தட்டு வரவில்லை.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம். அம்மாதான்.

கதவருகே போய்க் கிறீச்சுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை. அம்மா போகவும் இல்லை. வளையல்கள் மட்டும் ஒன்றோடொன்று லேசாக உரசின.

தேங்காய் எண்ணெய் வாசம்.

கதவுக்கு அடியில் எண்ணெய் மெல்ல ஊறி உள்ளே வந்தது. அவள் கால் பெருவிரலைத் தொட்டது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. சத்தமே இல்லை.

கதவு திறந்தது. இந்த முறை அம்மா அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

அம்மாவின் கையில் தட்டு இல்லை. அவளுடைய செருப்பு இருந்தது.