விசிறி சுற்றியது

ஆய்வுக்கூடத்தின் கதவைத் தாழிட்டுவிட்டு, பேராசிரியர் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வாயில் ஒட்டுநாடா, கையில் ஒரு பென்சில் பேட்டரி. மாசில்லாத மின்சாரம் கண்டுபிடிக்க நிதி வாங்கிய மனிதர் அப்படிக் கிடப்பது பார்க்க அழகாயில்லைதான்.

மேசைமேல் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது, அதன்மேல் கறுப்பாக ஒரு பூச்சு. பூச்சின்மீது விளக்கு வெளிச்சம் விழுந்தால் மின்சாரம் வர வேண்டும். மின்சாரம் வந்தால் பக்கத்திலிருந்த உள்ளங்கை அகல விசிறி சுற்ற வேண்டும். திட்ட அறிக்கையில் அது சுற்றோ சுற்றென்று சுற்றியது. ஆய்வுக்கூடத்தில் ஒருநாள்கூட அசைந்ததில்லை.

இது கடைசித் துண்டு. போன வாரம் வெறுத்துப்போய், எல்லாக் குப்பிகளின் அடியிலும் மிஞ்சியிருந்ததை ஒன்றாகக் கொட்டி, அளவு கிளவு பாராமல் கலக்கிப் பூசிவிட்டு, குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்வைக்குக் கறுப்பாக இருந்தால் போதும், சுற்றுகிற வேலையைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

நிதிக்குழு இன்று வருகிறது. விசிறி சுற்றாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. திட்டம் மூடினால் ஆய்வுக்கூட உதவியாளனாக இருக்கிற மைத்துனனுக்கு வேலை போகும். போனால் பெட்டி படுக்கையோடு அக்கா வீட்டில், அதாவது பேராசிரியர் வீட்டில், வந்து இறங்குவான். முன்பு ஒருமுறை இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், இரண்டு மழைக்காலம் தங்கினான். உலகத்தின் எரிசக்திப் பஞ்சத்தைவிட அவருக்கு அந்தக் கவலைதான் பெரிது.

பேட்டரியை மேசைப் பலகையின் அடியில் ஒட்டி, அழுத்தினால் சுற்றும்படி ஒரு பொத்தானையும் வைத்துவிட்டு, கதவைத் திறந்து மைத்துனனை உள்ளே விட்டார். தரையைப் பெருக்கு, சாப்பாட்டு டப்பாக்களை ஒளித்து வை, வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போடு, எப்போதோ நின்றுபோன அந்தச் சுவர்க் கடிகாரத்தை ஓட விடு என்று அடுக்கினார். கடிகாரம் நின்றதைப் பார்த்தால் ஆராய்ச்சியும் நின்றுவிட்டதென்று நினைப்பார்களாம்.

கடிகாரத்துக்கு ஏதாவது வாங்க வேண்டுமானால் மூன்று கடையில் விலை எழுதி வாங்கிவரச் சொல்வார்களே என்று மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

"என் உயிர வாங்காத மாப்ளே. என்னத்தையாவது பண்ணித் தொலை. அவங்க முன்னாடி மறந்தும் அத்தான்னு கூப்பிட்டுடாத," என்றபடி வாசலுக்கு ஓடினார்.

குழுத் தலைவர் வழுக்கைத் தலையில் நாலே நாலு முடியைக் கண்ணும் கருத்துமாக வளர்த்துக் குறுக்கே படிய வாரியிருந்தார். பின்னால் இரண்டு உறுப்பினர்கள், அவர் தலையாட்டினால் தாங்களும் ஆட்டுவதற்காக.

பேராசிரியர் வலது கையால் விளக்கைப் போட்டார். இடது கட்டைவிரல் மேசைக்கு அடியில் பொத்தானை அழுத்தியது.

விசிறி சுற்றியது. தலைவரின் நாலு முடியும் எழுந்து நின்றன.

தலைவர் லேசுப்பட்டவரில்லை. கையிலிருந்த கோப்பால் வெளிச்சத்தை மறைத்தார். கட்டைவிரல் விலகியது, விசிறி நின்றது. கோப்பை எடுத்தார். கட்டைவிரல் அழுத்தியது, விசிறி சுற்றியது. வீட்டு அழைப்புமணியில் ஒரு வாரம் பழகி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை.

எத்தனையோ கூடங்களுக்குப் போய்ப் படம்தான் பார்த்திருக்கிறேன், நிஜமாகச் சுற்றுவதை இங்கேதான் பார்க்கிறேன் என்று தலைவர் உருகினார். சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, நேரமாகிவிட்டது என்று எழுந்தார். எழுந்தவர் சும்மா போகவில்லை.

"இந்தத் துண்டக் குடுங்க சார். எங்க லேப்ல ஒரு தடவ வச்சுப் பாத்துட்டு, உடனே கையெழுத்துப் போட்டுடறேன்."

பேராசிரியர் துண்டைப் பார்த்தார். அவர்கள் கூடத்து மேசைக்கு அடியில் யார் போய்ப் படுப்பது?

துண்டை இரண்டு கையாலும் பயபக்தியோடு எடுத்தார். முழங்கை, தற்செயலாகத்தான், தண்ணீர்த் தம்ளரில் பட்டது. தம்ளர் சாய்ந்ததும் துண்டு கைதவறி அந்தத் தண்ணீரிலேயே விழுந்தது. அந்தப் பூச்சுக்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை; கண்ணெதிரே கறுப்பு மஞ்சளாகி, மஞ்சள் கரைந்து, வெறும் கண்ணாடி மிஞ்சியது. பேராசிரியர் கண்ணில்கூட ஒரு சொட்டு வந்தது. எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது.

தலைவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். கண்ணால் பார்த்ததற்கு மேல் சாட்சி வேண்டாம், இன்னும் ஓராண்டு நிதி தருகிறேன், அச்சாக இதே மாதிரி இன்னொன்று செய்து அனுப்பினால் போதும் என்றார்.

"இதென்ன சார் பிரமாதம். ஒரு டஜனா அனுப்பறேன்," என்றார் பேராசிரியர். ஓராண்டில் அவருக்கு ஓய்வு. டஜன், அடுத்து வருகிறவர் தலையெழுத்து.

குழுவின் கார் வாசலைத் தாண்டியதும் கதவைத் தாழிட்டார். அக்காவுக்குப் போன் போட்டு நல்ல சேதி சொல் என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டு, தடயத்தை எடுக்கச் சீட்டியடித்துக்கொண்டே மேசைக்கு அடியில் படுத்தார்.

சீட்டி நின்றது. ஒட்டுநாடா மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாப்ளே," அடியிலிருந்தே குரல் வந்தது. "இங்க ஒட்டியிருந்த பேட்டரி எங்க?"

மஞ்சள் தண்ணீரைத் துடைத்த துணியை வாளியில் பிழிந்துகொண்டே மைத்துனன் சொன்னான்:

"நீங்க அவங்களக் கூட்டிட்டு வர வாசலுக்குப் போனீங்கள்ல, அப்பவே எடுத்துக் கடிகாரத்துல போட்டுட்டேன் அத்தான்."