மஞ்சள் கல்லும் ஆள்காட்டிகளும்

சோளம் அறுத்த காட்டில் இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் வெறுந்தரையில் முட்டையிட்டிருந்தன. யார் வந்தாலும் தலைக்கு மேல் பறந்து கத்தும். உழ வரும் டிராக்டர்கூட அந்தச் சத்தம் கேட்டால் முட்டைகளை விட்டு ஒதுங்கிப் போகும்.

அந்த வருஷம் உழவு இல்லை. காட்டை மனைகளாகப் பிரித்து மஞ்சள் கற்களை நட்டார்கள். ஒரு கல் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே நின்றது.

மனை பார்க்க ஒரு புருஷனும் பெண்டாட்டியும் காரில் வந்தார்கள். குருவிகள் தொண்டை கிழியக் கத்தின. இருவரும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

"பயந்து போயிட்டாங்க," என்றது ஆண் குருவி.

"பயப்படலை," என்றது கல். "பறவைச் சத்தமெல்லாம் கேக்குது, இந்த மனையையே எடுத்துக்கலாம்னு பேசிக்கிட்டுப் போறாங்க."

பெண் குருவி கார் போன பக்கம் பார்த்தது. பிறகு சொன்னது: "நாமளே கத்திக் கத்தி வித்துக் குடுத்திருக்கோம். சத்தம் இல்லைன்னா ஒருத்தருக்கும் இந்த இடம் பிடிக்காது. இனிமே கத்தாதீங்க."

மறுவாரம் நிலத்தைச் சமப்படுத்த பொக்லைன் வந்தது. ஓட்டி வந்தவன், முன்பு அங்கே டிராக்டர் ஓட்டியவன்தான். முட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான்.

ஆண் குருவியின் தொண்டை துடித்தது. பெண் குருவி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் கத்தவில்லை.

"இந்த வருஷம் குருவி வரலை போல," என்று சொல்லிவிட்டு அவன் இன்ஜினைக் கிளப்பினான்.