வரம்போரத்து நிழல்

“நீங்கள் கண்டது என்னை இல்லை, அண்ணி. உங்கட கண்ணுக்குள்ள நிக்கிற நிழலை.”

நடராசா வாய்கூசாமல் சொன்னான். மண்வெட்டியைக் கழுவி வீட்டில் சாத்திவிட்டு, வெளுத்த சாரம் உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போகிறவனைப் போல வந்திருந்தான். இரண்டு வயல்களுக்கும் நடுவே ஓடுகிற வரம்பு, அவன் பக்கத்தில், வெட்டிய ஈரம் காயாமல் கிடந்தது.

காலையில் அவன் வெட்டுவதைக் கண்டு மனோன்மணி கூட்டிவந்த, ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் குனிந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

“விதைப்புக்கு முன்னம் எல்லாரும் வரம்பு செதுக்கிறவைதானே, அம்மா.”

புல்லைச் செதுக்குவதற்கும் மண்ணைத் தின்பதற்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரைத் தேடிப்பிடித்துத் தலைவராக்கியிருக்கிறார்கள்.

நடராசா அவளுடைய கணவனின் தம்பி. அண்ணன் உயிரோடு இருந்தவரை இந்த வரம்பில் கால் வைக்கவும் துணியாதவன். அண்ணன் போன பிறகு போகத்துக்குப் போகம் துணிவு வளர்ந்தது. இன்னும் ஒரு போகம் விட்டால் வரம்பே இருக்காது.

கண்புரை வெட்டி வில்லை வைத்ததிலிருந்து அவளுடைய வலது கண்ணின் வெளியோரத்தில் பிறைத்துண்டு போல ஒரு கறுப்பு நிற்கிறது. போகப்போகப் பழகிவிடும் என்றார்கள் கிளினிக்கில். பழகுவதற்கு அதென்ன புது மருமகளா?

அதை ஊருக்குச் சொன்னதுதான் அவள் செய்த மடத்தனம். அன்றிலிருந்து அவள் எதைக் கண்டாலும் நிழல். கடைக்காரன் தராசைச் சரித்தால் நிழல். பக்கத்து வீட்டு மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தால் அதுவும் நிழல். நிழல் சாணி போடுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

“பாவம், மனுசிக்கு வயசும் போயிட்டுது,” என்று நடராசா தலைவரிடம் இரங்கினான்.

அவன் திருட்டைப் பொறுத்தாலும் பொறுக்கலாம். இந்த இரக்கத்தைப் பொறுக்க முடியாது.

வெயில் வலப்பக்கத்திலிருந்து அடித்தது. மனோன்மணி உள்ளங்கையை ஒரு மறைப்புத் தட்டிபோல வலது கண்ணோரம் நிறுத்தினாள்.

“ஓரத்து வெளிச்சத்தை மறைச்சா அந்தக் கறுப்பு போயிடும். காலமையும் இப்பிடித்தான் மறைச்சுப் பாத்தனான். நிழல் போயிட்டுது. நீ போகேல்லை.”

தலைவர் இருமினார். நடராசாவின் முகத்திலிருந்து இரக்கம் கழன்று விழுந்தது.

“ஒரு முழ மண்! இதுக்கோ தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

இந்த முறை அவன் வெட்டியது, மற்ற இடங்களைவிட வரம்பு அகலமாய் இருந்த ஒரேயோர் இடத்தை. அவளுடைய கணவன் சாகும்வரை அதன்மேல் உழவு இயந்திரத்தை ஏறவிட்டதில்லை. ஏனென்று கேட்டவர்களிடம், அடியில் பாறை இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தான்.

பாறை இல்லை. ஷெல்லடிக்குள் சுடலைக்குப் போக வழியில்லாத ஒரு விடியலில், பெயர் வைக்குமுன்னே கண்மூடிய பெண்குழந்தையை அங்கேதான் புதைத்தார்கள்.

மனோன்மணி கையை இறக்கினாள். நிழல் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது.

“ஓம், ஒரு முழந்தான். அண்டைக்குக் குழியை நீதானே அளந்து வெட்டினனீ.”